வெட்டினால் தீருமா மூக்குச் சதை?

மூக்கடைப்பும் வாசனை தெரியாமையும் மாதக்கணக்கில் நீடிப்பவர்களிடம், ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிடுகிறோம். இந்தச் சொல்லிலேயே ஒரு பிழை இருக்கிறது. வளர்ந்தது என்றால் வெட்டலாம், வெட்டினால் தீரும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. எண்டோஸ்கோப்பில் பார்த்தால் அது சதைபோலவே இருக்காது. உரித்த நுங்குபோல வெளிறி, பளபளத்து, நீர் கோத்துத் தொங்கும். கருவி பட்டாலும் பெரிதாக வலிக்காது. ‘பாலிப்’ எனப்படும் அது, சவ்வு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளத் தவறியதன் விளைவு.

மூக்கின் உட்சவ்வைத் தாங்கி நிற்பது கொலாஜன் முதலான புரதங்களால் ஆன ஒரு வலை. பழைய இழைகளை அறுத்து அகற்ற ‘மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ்’ என்னும் நொதிகளும், அவற்றுக்குக் கடிவாளம் போட ‘டிம்ப்’ என்னும் புரதங்களும் நம் உடலிலேயே உண்டு. இவற்றில் முதல் நொதி 1962-ல் தலைப்பிரட்டையின் வாலில் கண்டறியப்பட்டது. தவளையாக மாறும்போது அந்த வால் கரைவதற்கு உதவுவது அதுதான். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சைனஸ் நோயாளிகளின் திசுவை ஒப்பிட்டபோது, பாலிப் உள்ளவர்களிடம், எண்ணிட்டு அழைக்கப்படும் இந்நொதிகளில் ஒன்பதாம் எண் நொதி மிகுந்திருந்தது, ஆனால் அதற்கு ஈடாகக் கடிவாளப் புரதம் கூடவில்லை. பாலிப் இல்லாத நாள்பட்ட சைனஸிலோ கடிவாளமும் சேர்ந்தே உயர்ந்திருந்தது. அங்கே திசு தழும்பேறித் தடிக்கிறது. பாலிப்பில் வலை தளர்ந்து, ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரும் புரதமும் அங்கேயே தேங்குகின்றன. கசிந்த புரதம் உறைந்து ஃபைப்ரினாகப் படிய, அதைக் கரைக்க வேண்டிய நொதி பாலிப்பில் குறைவாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். ஓரிடத்தில் அறுப்பது அதிகம், இன்னோரிடத்தில் கரைப்பது குறைவு. இந்தக் கோளாறைக் கத்தியால் எப்படி வெட்டி எடுப்பது?

அதே கென்ட் நகரில், அறுவை செய்துகொண்டவர்களை 12 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, ஐந்தில் நான்கு பேருக்குப் பாலிப் திரும்பியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மறுபடியும் அறுவைக்குப் போயிருந்தார்கள். மூக்குச் சளியில் ஒன்பதாம் எண் நொதி அதிகம் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது மோசமாக இருந்ததையும் அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என் வாதத்துக்கு இதுவே அடிப்படை: அறுவை என்பது சிகிச்சையின் முடிவல்ல, பாதி வழி. அடைப்பை நீக்கி மருந்து உள்ளே போக வழிசெய்கிறது. தினமும் உப்புநீரால் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்பிரே அடிப்பதும் அதற்குப் பிறகுதான் முழுப் பயன் தருகின்றன. மூச்சு சீரானதும் ஸ்பிரேயைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலிப் திரும்பியதும் ‘ஆபரேஷன் தோற்றுவிட்டது’ என்று நொந்துகொள்வது இந்தப் புரிதல் இல்லாததால்தான்.

‘அறுவைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேனே’ என்பவர்கள் சொல்வது உண்மை. அந்த நிம்மதியை நான் மறுக்கவில்லை, அது நீடிக்க வேண்டும் என்கிறேன். ஒரு விதிவிலக்கும் உண்டு: ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை தெரிந்தால் அது கட்டியாகவும் இருக்கலாம். அதை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும். ‘நொதிதான் காரணம் என்றால் அதையே முடக்கிவிடலாமே’ என்று கேட்பது இன்னும் வலுவான கேள்வி. புற்றுநோயில் அதை முயன்றார்கள். 1990-களில் மாரிமாஸ்டாட் என்ற மருந்து இந்த நொதிகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்து, தசையிலும் மூட்டிலும் வலியைக் கொண்டுவந்ததோடு நின்றது. காயம் ஆறவும் இதே நொதிகள் வேண்டுமே! டாக்ஸிசைக்ளினுக்கு இவற்றை அடக்கும் குணம் உண்டு. 2010-ல் வெளியான ஒரு சோதனையில் 20 நாள் மருந்துக்குப் பாலிப் கொஞ்சம் சுருங்கி, 12 வாரம்வரை அந்த நிலை நீடித்தது. அதற்காக மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குவது கூடவே கூடாது. அது ஆன்டிபயாடிக், கிருமிகள் அதற்குப் பழகிவிடும். அழற்சியின் மேல்மடையை அடைக்கும் டூபிலுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2019-ல் இந்நோய்க்கு அனுமதி தந்தது. நன்றாக வேலை செய்கிறது, ஆனால் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

உப்புநீரும் ஸ்பிரேயும் எட்டும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் அறுவையின் பெயருக்குக் கீழே, ஸ்பிரேயை எத்தனை மாதம் தொடர வேண்டும், மூக்கை எப்படிக் கழுவ வேண்டும், மறுபடி எண்டோஸ்கோப்பி என்றைக்கு என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் நோயாளி கேட்டு வாங்க வேண்டும்.