ஆற்றுப்படுத்துவோர்க்கும் ஓர் ஆற்றுப்படை

உளத்துயருற்றோர்க்குத் துணைநிற்கும் பணியினரை ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று தமிழில் அழைக்கின்றோம். பொருள் செறிந்த பெயர் அது. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழிகூறுவது ஆற்றுப்படை. வழிகூறுபவனும் ஒருகாலத்தில் பசித்திருந்தவனே.

இப்பணிக்குப் பயிலும் மாணவர், தம் சொந்தத் துயரை என் செய்வது? செருப்பைப் போல் வாயிலில் கழற்றிவைத்துவிட்டு வருக என்பார் உளர். அஃது இயலுமா?

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த கடல்கோளில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினமும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரையும் பேரிழப்பைக் கண்டன. பெங்களூரின் ‘நிம்ஹான்ஸ்’ நிறுவனம், தமிழகக் கடலோரத்தில் உள்ளூர்த் தொண்டர்களுக்கு உளநலப் பயிற்சியளித்தது. உள்ளூரார் எனின், அதே அலையைக் கண்டவர் அல்லரோ? பிறர் அழக் கேட்குங்கால் தம் நெஞ்சும் கலங்குவது இயற்கை.

அதற்காகத் தம் கதையையே விரித்துரைத்தால், ஆறுதல் தேடி வந்தவர் ஆறுதல் கூற நேரிடும். மறைத்தலும் பிழை, கொட்டுதலும் பிழை. பிறர் உள்ளத்தை ஆராய்வோர் முதலில் தம் உள்ளத்தை ஆராய இடந்தர வேண்டும் என 1912இல் ஃபிராய்டு வலியுறுத்தினார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டாத மெய்ம்மை சிகிச்சையாளர்க்கு இன்றியமையாதது என்றார் கார்ல் ரோஜர்ஸ் 1957இல். நம் சிறுபாணாற்றுப்படையும் இந்த அளவை அறிந்ததே. 269 அடிகள் கொண்ட அந்நூலில், பாணன் தன் இல்லத்து வறுமையைச் சில அடிகளில் கூறி, வழியையும் வள்ளலையும் விரித்துரைக்கின்றான்.

இவ்வளவறிதல் தானே வருவதன்று, பயிற்சியால் வருவது. எனவே, உளவியலும் சமூகப்பணியும் கற்பிக்கும் நிறுவனங்கள், மாணவர் தம் மனச்சுமையை மூத்தார் ஒருவரிடம் இறக்கிவைக்க வாரம் ஒருமணி நேரமேனும் ஒதுக்குதல் வேண்டும். அம்மூத்தார், மதிப்பெண் இடும் ஆசிரியராய் இருத்தல் கூடாது. தம்மை அளப்பவரிடம் எவரும் தம் புண்ணைக் காட்டார். காட்டினால் ‘இவர் இப்பணிக்கு ஆகார்’ என்னும் தீர்ப்பு வருமோ என அஞ்சுவர். அவ்வச்சம் மாணவரை நடிக்கக் கற்பிக்கும். நடிக்கக் கற்றவரிடம் நாளை நம் பிள்ளைகளை எங்ஙனம் அனுப்புவோம்?

கடலூர் புயலையும் வெள்ளத்தையும் மீண்டும் மீண்டும் காணும் மண். இங்கு ஆற்றுப்படுத்துநர் என்றும் தேவைப்படுவர். அவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்கும் நாம், அவர்தம் சொல்லைக் கேட்கவும் ஒரு செவியை அமைத்துத் தருவோமாக.