கல்யாணப் பெண்ணின் தலையில் அவசரக் கருப்பு வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாணப் பேச்சு நடப்பவர்கள் மட்டுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஆவணியும் தையும் நெருங்கினால் என் இன்பாக்ஸுக்கு ஒரே மாதிரிக் கேள்வி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் வேதியியல் படித்தவர்கள். இன்று அவர்களே பெண்ணைப் பெற்றவர்கள். "டீச்சர், பொண்ணு வேலை பார்க்கிற ஊர்ல முடியை பிளாண்ட் கலர் பண்ணியிருந்தா. கல்யாணத்துக்காக நாங்க வீட்டிலேயே கருப்பு டை அடிச்சு விட்டோம். மை மாதிரி திட்டுத் திட்டா வந்துடுச்சு. இப்ப பழைய கலரே வேணும்னு அழறா. மூணு வாரம்தான் இருக்கு. எதைப் போட்டு எடுக்கலாம்?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு பெண்ணின் தலையில் நிரந்தரக் கருப்பு டை அடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. அடித்தாகிவிட்டது என்றால், அதை எடுக்கிறேன் என்று அவசரப்படவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். பாடம் நடத்துவது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

ஒரு தலைமுடியை எடுத்துக்கொண்டால், அதன் வெளிப்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை போலச் செதில் செதிலாக அடுக்கப்பட்டிருக்கும். நிறம் இருப்பது அதற்கு உள்ளே. நம் முடிக்குக் கருப்பைத் தருவது மெலனின். நிரந்தர டையில் இருக்கும் அம்மோனியா அந்தச் செதில்களைத் தூக்கிவிடுகிறது. நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. கூடவே போகும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்து ஒன்றோடொன்று இணைக்கிறது. அப்போதுதான் கருப்பு உண்டாகிறது. கொடியில் இருக்கும் பிஞ்சு வெள்ளரியைப் பாட்டிலுக்குள் விட்டு வளர்த்தால், காய் பெருத்த பிறகு வெளியே எடுக்க முடியுமா? அதே கதைதான். எத்தனை முறை ஷாம்பு போட்டாலும் உள்ளே பெருத்தது முழுதாக வெளியே வராது.

இது நேற்று வந்த வித்தை அல்ல. 1907இல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்ற வேதியியலாளர் முடிச்சாயம் தயாரித்து விற்கத் தொடங்கினார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய லோரியல். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை வேதியியல் பெரிதாக மாறவில்லை. மாட்டுவது சுலபம், கழற்றுவது கஷ்டம்.

இனி நம் பெண்களின் பொன்னிற முடிக்கு வருவோம். கருமுடியைப் பொன்னிறமாக்க முதலில் ப்ளீச் செய்ய வேண்டும். அதாவது உள்ளே இருக்கும் மெலனினை அழிக்க வேண்டும். கருப்பு போய்ச் செம்பழுப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். இந்த வேலை முடிந்த முடி, தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதன் மேல் கடையில் வாங்கிய கருப்பு டையை அடித்தால் அளவுக்கு மீறிக் குடித்துக்கொள்ளும். மைக்கருப்பாகவும் திட்டுத் திட்டாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். டை கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை.

சரி, எடுக்க என்ன வழி? முதலில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டையை இன்னொரு டை வெளுக்காது. கருப்பின் மேல் பிளாண்ட் டையைப் பூசினால் கருப்பு அப்படியேதான் இருக்கும். உண்மையான வழிகள் இரண்டுதான்.

ஒன்று, கலர் ரிமூவர். இது ஆக்சிஜனேற்றத்தைத் திருப்பிப் போடும் ஒடுக்க வினை. பெருத்த மூலக்கூறு மறுபடி சின்னதாகிறது. அழுகிய முட்டை வாடை அடிக்கும். பிறகு நெடுநேரம் தண்ணீர் விட்டு அலச வேண்டும். சரியாக அலசாவிட்டால், மிச்சம் இருப்பது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓரிரு நாளில் மறுபடி கருத்துவிடும். நன்றாக அலசினாலும் கிடைப்பது பழைய பொன்னிறம் அல்ல. அடியில் இருக்கும் ஆரஞ்சும் மஞ்சளும்தான் எட்டிப்பார்க்கும். அதைச் சரிசெய்ய டோனர் என்று இன்னொரு சுற்று.

இரண்டு, மறுபடி ப்ளீச். பார்லரில் டெவலப்பர் பாட்டிலில் 20, 30, 40 என்று எண் பார்த்திருப்பீர்கள். அவை முறையே 6, 9, 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. ஏற்கெனவே வெளுத்த முடியில் இதை மறுபடி ஏற்றினால், முடியின் புரதமான கெரட்டினைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகள் சிதையும். ஈரமாக இருக்கும்போது முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்து கையோடு வரும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 30 சென்டிமீட்டர் போனால் திரும்பி வர இரண்டரை வருடம்.

"நாங்க கெமிக்கலே போடல டீச்சர், மருதாணியும் அவுரிப் பொடியும்தான்" என்பவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. மருதாணியின் நிறம் முடிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுலபத்தில் போகாது. அவுரி போட்ட முடியில் ப்ளீச் வைத்தால் பச்சை நிறம் வரலாம். கல்யாண மேடையில் பச்சை முடி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் என்று வீடியோவில் சொல்வதெல்லாம் மேலோட்டமான நிறத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும். தலைத்தோல் வறண்டு எரிவதுதான் அதில் நிச்சயம்.

பொன்னிற முடியோடு பிறந்த நாட்டுக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கருப்போ பழுப்போ அடித்துப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குள் பழைய நிறம் வேண்டும் என்று சலூனுக்கு ஓடுவார்கள். அங்கே விவரம் தெரிந்தவர்கள் இதை ஒரே நாளில் செய்வதில்லை. சில வாரம் இடைவெளி விட்டு, பல அமர்வுகளில்தான் செய்கிறார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், கருமுடியிலிருந்து வெளுத்த நம் பெண்களுக்கு மூன்று வாரம் எப்படிப் போதும்?

முடியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கருப்பு டைகளில் பரவலாக உள்ள பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாக பி.பி.டி., சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். தலை அரிக்கும், கண் இமை வீங்கும், முகமே வீங்கிப்போகும். கருப்பு மருதாணி என்று விற்கும் பல பொடிகளிலும் இது கலந்திருக்கிறது. பத்து முறை ஒன்றும் செய்யாமல் பதினோராவது முறை தாக்கலாம். ஆகவே 48 மணி நேரத்துக்கு முன்பே முழங்கையின் உட்புறம் துளி தடவிப் பார்க்கச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருக்கும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு டை அடிக்கும் அப்பாக்களும் மாமாக்களும் இதைப் படிக்கவும்.

இனி வீட்டுப் பேச்சு. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிவிட்டால்? ஆல்பம் காலத்துக்கும் இருக்குமே? நியாயமான கவலைதான். ஆனால் மாப்பிள்ளை அந்த முடியோடுதான் பெண்ணைப் பார்த்துச் சம்மதம் சொன்னார். முகூர்த்தத்தன்று சவுரி வைத்து ஜடை பின்னி, பூச்சரம் சுற்றி, நெற்றிச்சுட்டி வைத்த பிறகு வெளியே தெரிவது உச்சியில் நாலு விரற்கடை முடி. அதற்குத் தண்ணீரில் கழுவினால் போகும் தற்காலிகக் கலர் ஸ்ப்ரே போதாதா? அதையும் பெண் சம்மதித்தால் மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "முடிக்குச் சாயம் பூசுவது நம்ம பழக்கமா?" என்று கேட்கும் மண்டபத்து முன்வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். 65 வயதில் மீசை வரைக்கும் கருகருவென்று இருக்கும். அவர்கள் சாயம் பூசியதை யாரும் குறை சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், அவரவர் தலை அவரவர் விருப்பம். அதே விருப்பம் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

ஏற்கெனவே கருப்பு அடித்துச் சிக்கிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

1. ஒரு மாதத்துக்குள் கல்யாணம் என்றால் ப்ளீச் பக்கம் போகாதீர்கள். அந்தக் கருப்போடு மேடை ஏறலாம். முடி இருந்தால் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. ஆறு மாதம் இருந்தால் அனுபவம் உள்ள பார்லரில் படிப்படியாகச் செய்யலாம். கடந்த இரண்டு வருடத்தில் தலையில் போட்ட எல்லாவற்றையும், மருதாணி உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள்.

3. பிடரிப் பக்கம் மறைவாக ஒரு சின்னக் கற்றையில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

4. "இன்னிக்கே முடிச்சுக் கொடு" என்று பார்லர் பெண்ணை நெருக்காதீர்கள். ப்ளீச் பொடியில் உள்ள பெர்சல்ஃபேட் அந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஆஸ்துமா வரை கொண்டுவரும். அவர் கையுறை போடவும் காற்றோட்டமாக வேலை செய்யவும் நேரம் கொடுங்கள்.

கருப்பு பூச அரை மணி நேரம் போதும். எடுக்க ஆறு மாதம் ஆகும், சில சமயம் கத்தரிக்கோல்தான் தீர்வு. ஆகவே டை டப்பாவைப் பிரிப்பதற்கு முன் பெண்ணிடம், "உனக்கு எப்படி இருக்கணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்குப் பகிருங்கள்.