பொங்கலுக்கு ஊர் கிளம்பும் முன்னே

தோழர்களே,

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அறிவிப்பில் இருக்கும் கடைசி நாள் ஜனவரி 18. நமக்கு அது 13. வியாழக்கிழமை 15 அன்று பொங்கல். போகிக்கு முந்தைய நாளே விடுதிகள் காலியாகிவிடும். கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற பிள்ளைகளிடம் படிவம் 6-ஐ நீட்டிக் கையெழுத்து வாங்க முடியாது. அவர்கள் கரும்பும் பலகாரமுமாகத் திரும்பி வரும்போது கெடு முடிந்திருக்கும். கையில் இருக்கிற ஒவ்வொரு மாலையும் நமக்கு வேண்டும்.

2025 டிசம்பர் 19-இல் வந்த வரைவு வாக்காளர் பட்டியலைப் பார்த்தீர்கள். 6 கோடியே 41 லட்சமாக இருந்த தமிழ்நாட்டு வாக்காளர்கள் 5 கோடியே 43 லட்சமாகிவிட்டார்கள். 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போய்விட்டன. அவற்றில் சுமார் 66 லட்சம் "இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர்" என்ற கணக்கில் போனவை. அந்தச் சொற்களை நம் பகுதியில் நின்று படியுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் கதவைச் சாத்தித் தூங்குபவர், பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் மூன்று பேராக ஒரு அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர். இடம்பெயர்ந்தவர் என்றால் இந்த மேற்குப் புறநகரில் பாதித் தெருவே அதுதான்.

இவர்களில் மாணவர்களைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களாவது ஒரு காலத்தில் அதில் இருந்தார்கள். மாணவர்கள் பலர் இன்னும் ஏறவே இல்லை. சென்ற வாரம் திருமுல்லைவாயலில் ஒரு மேன்ஷன் படியேறினேன். "ஓட்டு ஊர்ல இருக்கும்ணா" என்றார் ஒரு தம்பி. இருவருமாக அவருடைய போனில் தேடினோம். ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. கட்டணம் பற்றி, நீட் பற்றி, வேலை பற்றி அரை மணி நேரம் அனல் பறக்கப் பேசிய பிள்ளை அவர். அத்தனை அரசியலும் எந்தப் பெட்டியிலும் விழாமல் அந்த அறைக்குள்ளேயே கிடக்கிறது.

சில தோழர்கள் என்னிடம் கேட்டதற்கு இங்கே நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். "இந்தப் பசங்க பாதிப் பேர் விஜய் பக்கம் சாயுறாங்க, மீதிப் பேர் சீமான் பேச்சு கேக்குறாங்க. இவங்களைச் சேர்த்து நமக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். தோழர்களே, சாய்வைக் கேட்டுவிட்டுப் படிவம் கொடுப்பவன் ஜனநாயகத்துக்காக நிற்பவன் அல்ல. அறைக் கதவைத் தட்டும்போது யாருக்கு ஓட்டு என்ற கேள்வியே நம் வாயில் வரக் கூடாது. முதலில் பெயர் ஏறட்டும். வாதாட நமக்குத் தேர்தல் வரைக்கும் நேரம் இருக்கிறது. நம் வாதத்தில் நமக்கே நம்பிக்கை இல்லாவிட்டால்தான் அவர்கள் ஓட்டைக் கண்டு பயப்பட வேண்டும்.

ஒரு விடுதி ஓட்டால் என்ன மாறும் என்பவர்களுக்கு: 2016-இல் ஆவடித் தொகுதியின் முடிவைத் தீர்மானித்தது 1,395 வாக்கு. இரண்டு மூன்று பெரிய விடுதிகளுக்குள் அடங்குகிற எண்ணிக்கை அது. 1967-இல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கில் வென்ற பெ. சீனிவாசன், மொழிப்போரிலிருந்து வந்த மாணவர் தலைவர். அன்று வாக்குரிமை வயது 21. 1965 மொழிப்போரில் தடியடி பட்ட மாணவர்களில் எத்தனையோ பேருக்கு ஓட்டே கிடையாது. அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். 18 வயதுக்கு ஓட்டு என்பது 1989-இல்தான் கைக்கு வந்தது. அவர்களுக்குக் கிடைக்காதது இன்று ஒரு படிவ தூரத்தில் இருக்கிறது.

நம் கணக்கையும் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலம் 69.72 விழுக்காடு வாக்களித்தது. அம்பத்தூரும் மதுரவாயலும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதி 60-ஐச் சற்றே தாண்டியது. 2022 உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சி மொத்தமே 43.59. சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று நாம் தினமும் சண்டை போடுகிற விஷயங்களை முடிவு செய்கிற தேர்தல் அது! வரிசையில் நிற்காத தெருவுக்கு வேட்பாளர் எதற்காக வருவார்?

இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, படிக்க வந்த பிள்ளையை "வெளியூர்க்காரர்" என்று தள்ளிவிட நமக்கு மனம் வரக் கூடாது.

வேலைக்கு வருவோம். விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ பெயர் சேர்க்கலாம், இரண்டில் ஒன்றுதான். இரண்டிலும் எழுதி, பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விடுதி முகவரி என்றால் கல்லூரியிடம் மாணவர் சான்று வாங்க வேண்டும், அதற்கே இரண்டு நாள் போகும். படிவத்தோடு கேட்பார்கள் என்பதால், பெற்றோரின் பெயர் 2002 அல்லது 2005 திருத்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று அன்றிரவே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஊரில் சேர விரும்புகிறவரை வற்புறுத்தாதீர்கள். இங்கேயே நிரப்பிக் கையில் கொடுத்தனுப்புங்கள், 18-க்குள் அங்கே கொடுத்துவிடலாம்.

நாளை மாலை ஐந்து மணிக்கு ஆவடி ரயில் நிலையத்தில் கூடுகிறோம். ஒரு குழு இந்துக் கல்லூரி நிலையம் இறங்கிப் பட்டாபிராம் பக்கம், ஒன்று திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லி, ஒன்று கொரட்டூர், அம்பத்தூர். பெண்கள் விடுதிகளுக்குப் பெண் தோழர்கள் மட்டும். கொடி வேண்டாம், துண்டறிக்கை வேண்டாம். படிவக் கட்டு, நான்கைந்து பேனா, சார்ஜ் ஏற்றிய போன் போதும். வாருங்கள்!