பொம்மையைச் சோதிப்பது யார்?

குழந்தைக்குப் பொம்மை வாங்கும்போது பெற்றோர் பெரும்பாலும் என்ன செய்கின்றனர்? சாவியைத் திருகிப் பார்க்கின்றனர். பொத்தானை அழுத்திப் பார்க்கின்றனர். விளக்கு எரிந்து, பாட்டு ஒலித்து, சக்கரமும் சுழன்றால் நல்ல பொம்மை என்று முடிவு செய்து பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். சி ரூசா, தெலுக் கெமாங் போன்ற போர்ட்டிக்சன் வட்டாரக் கடைகளானாலும் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளானாலும் வழக்கம் ஒன்றுதான். இப்படிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், பொம்மை இயங்குகிறதா என்பதை மட்டுமே இச்சோதனை காட்டும். அது பாதுகாப்பானதா என்பதைக் காட்டாது.

பெரியவர் பொம்மையைக் கையாளும் விதம் வேறு. குழந்தை கையாளும் விதம் வேறு. குழந்தை அதைக் கடிக்கும், எறியும், மிதிக்கும், கண்ணைப் பிடித்து இழுக்கும். ஆகவே, பெற்றோரும் அவ்வாறே சோதிக்க வேண்டும். கரடிப் பொம்மையின் கண்ணையும் மூக்கையும் இழுத்துப் பார்க்க வேண்டும். தையலை விரித்துப் பார்க்க வேண்டும். வண்டியின் சக்கரத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். கழன்று வரும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க, ஆய்வுக்கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளை ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அதற்குள் முழுமையாக அடங்கும் பொருள் ஆபத்தானது. வீட்டில் இந்த உருளை இல்லாவிட்டாலும் கழிவறைத் தாள் சுருளின் நடுவிலுள்ள அட்டைக் குழாய் ஓரளவு உதவும். அதற்குள் நுழையும் பொருளைச் சிறு குழந்தையிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மின்கலம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். எனவே, மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் திறக்கக்கூடிய மூடியுள்ள பொம்மையைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும். வலிமைமிக்க சிறு காந்தங்களும் இதே அளவு கொடியவை. இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒன்றையொன்று ஈர்த்து, இடையிலுள்ள குடலை நசுக்கித் துளைத்துவிடும்.

எனினும், கையால் இழுத்தும் கண்ணால் பார்த்தும் அறிய முடியாத ஆபத்துகளும் உள்ளன. 2007ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற மேட்டல் நிறுவனம், சாயத்தில் ஈயம் கலந்திருந்ததால் பல இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அப்பொம்மைகளைப் பார்த்த எந்தத் தாயும் தந்தையும் ஈயத்தைக் கண்டிருக்க முடியாது. இங்குதான் சட்டம் தேவைப்படுகிறது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிமுறைகள் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருள்களை இவை கட்டுப்படுத்துகின்றன. தரத்திற்கு இணங்கியதைக் காட்டும் முத்திரை பற்றிய விதிமுறைகள் 2010ஆம் ஆண்டில் வந்தன. முத்திரையில்லாப் பொம்மை விலை குறைவாக இருக்கலாம். வருமானம் குறைந்த தோட்டப்புறக் குடும்பத்திற்கு ஐந்து வெள்ளி மிச்சம் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும், ஐந்து மலிவுப் பொம்மைகளுக்குப் பதிலாக முத்திரையுள்ள ஒன்றை வாங்கினால் செலவு கூடிவிடாது.

பொம்மைகளைவிடக் கூடுதல் கவனம் தேவைப்படும் பொருள் குழந்தை நடைவண்டி. தமிழர் வீடுகளில் இப்பெயர் இருவேறு பொருள்களைக் குறிக்கிறது. பழைய நடைவண்டி மரத்தால் ஆனது. மூன்று சக்கரங்கள் கொண்டது. குழந்தை தன் காலில் நின்று, அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும். பட்டினப்பாலையிலேயே மூன்று சக்கரச் சிறுதேரைக் குழந்தைகள் உருட்டி விளையாடும் காட்சி வருகிறது. இன்று கடைகளில் விற்கப்படும் நெகிழி நடைவண்டியோ வேறு. அதன் நடுவிலுள்ள இருக்கையில் குழந்தை அமர்கிறது; சக்கரங்கள் அதைச் சுமந்து ஓடுகின்றன. ஒரு விநாடியில் அது ஒரு மீட்டருக்கு மேலும் நகரக்கூடும். அருகில் நிற்பவர் கை நீட்டுவதற்குள் குழந்தை படியை அடைந்துவிடும்.

“எங்கள் பிள்ளைகளெல்லாம் இதில்தானே வளர்ந்தார்கள்?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. விழாத பிள்ளைகளை வைத்து மட்டும் ஒரு பொருளை எடைபோட முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்திற்குட்பட்ட ஏறத்தாழ 230,000 குழந்தைகள் நடைவண்டிக் காயங்களுக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் சிகிச்சை பெற்றதாக ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் படிகளில் விழுந்தவர்கள். நடைவண்டி நடையைக் கற்றுத் தருகிறது என்பதும் உண்மையன்று. நடக்கத் தொடங்குவதை அது தாமதப்படுத்தவும் கூடும். கனடா 2004ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்தது. மலேசியாவிலும் தடை வேண்டும் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வலியுறுத்தியுள்ளது. அக்கோரிக்கை நியாயமானது. பழைய தோட்ட வீடுகள் பலவற்றில் வாசலில் படிகளும், கூடத்தைவிடத் தாழ்ந்த அடுக்களையும் உண்டு. அத்தகைய வீட்டில் சக்கரம் வைத்த இருக்கைக்கு இடமே இல்லை.

நடைவண்டியை வாங்குவோர் அன்பில்லாதவர்கள் அல்லர். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, பாட்டி ஒருவரே சமைத்துக்கொண்டு பேரப்பிள்ளையையும் பார்க்க வேண்டிய வீட்டில், குழந்தையை ஓரிடத்தில் அமர்த்தி வைக்க ஏதேனும் தேவைப்படுகிறது. முற்காலத்தில் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இத்தேவையை நிறைவேற்றியது. அங்கே குழந்தையைப் பார்த்துக்கொண்டது ஒரு மனிதர், பொருளன்று. இன்றும் பாய் விரித்த தரை, சுற்றி ஒரு தடுப்பு, கண்ணெட்டும் தூரத்தில் ஒருவர் ஆகிய மூன்றும் நடைவண்டியைவிடப் பாதுகாப்பானவை.

கடையில் இழுத்தும் திருகியும் பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு. சாயத்தையும் தரத்தையும் சோதித்து முத்திரையிடுவது உற்பத்தியாளர், இறக்குமதியாளர் ஆகியோரின் பொறுப்பு. அதைக் கண்காணிப்பதும், பயனைவிட ஆபத்து மிகுந்த பொருளைச் சந்தையிலிருந்து அகற்றுவதும் அரசாங்கத்தின் பொறுப்பு. இவர்களுள் ஒருவர் தவறினாலும், அந்தப் பொருளைச் சோதிக்கும் வேலை குழந்தையிடம் போய்ச் சேர்ந்துவிடும்.