காருக்குள்ளே மழை

தகரக் கூரை வேய்ந்த லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒழுகல் சாத்திரம் புதிதல்ல. ஓட்டை ஓரிடத்தில் இருக்கும். தண்ணீர் உத்தரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நாலு முழம் ஓடி, தூளி கட்டிய இடத்துக்கு மேலே வந்து சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தாரைப் பூசுகிறவன் அடுத்த மழைக்கும் ஏணி ஏற வேண்டியதுதான். மோட்டார் காருக்குள் வருகிற தண்ணீரும் இதே குணம் கொண்டது. ஆனால் கால்மிதியில் ஈரத்தைக் கண்டவுடன், "கண்ணாடி ஒழுகுது, சிலிக்கோனை அப்பு" என்று கிளம்புகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

இன்று தோட்டத்தில் பல வீட்டு வாசல்களில் ஒரு பழைய கார் நிற்கிறது. தீபாவளி நெருங்கினால் அது பாலம் கடந்து சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வரைக்கும் போகிறது. விளக்கலங்காரம் பார்க்கவும், தேக்காவில் சாமான் வாங்கவும், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளைக் கண்டு வரவும் குடும்பமே ஏறிக்கொள்கிறது. அந்த அக்டோபர், நவம்பர் மாதங்களோ காற்றுத் திசை மாறுகிற காலம். பிற்பகலானால் இடிமழை கொட்டும். அடுத்து டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் பெய்தது. ஊரின் பெயர்களே ஈரத்தைச் சொல்லும். ரோச்சோர் கால்வாய் ஓரம் மூங்கில் வளர்ந்த இடம் என்பதால்தான் அது தேக்கா. ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி என்று பொருள். பக்கத்திலேயே எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ்.

காருக்குள் ஈரம் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது வானத்துத் தண்ணீரா, வண்டியே உண்டாக்கிய தண்ணீரா என்பதுதான். சிலர் இதைக் கேட்காமலே பணத்தைத் தொலைக்கிறார்கள். சோடாப் புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஏர்கோனின் குளிர்ப்பெட்டியும் வியர்க்கும். நம் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் வியர்வையும் மிகுதி. அந்த நீர் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நிறுத்திய காரின் கீழே தெளிந்த நீர் சொட்டினால் பயப்படாதீர்கள், அது நல்ல சகுனம். ஏர்கோனைப் போட்டு அரை மணி ஓடிய பிறகும் ஒரு சொட்டுகூட விழவில்லை, ஆனால் உள்ளே முன் இடப்பக்கம் நனைகிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது. வலப்பக்கம் ஓட்டுகிற நம் கார்களில் குளிர்ப்பெட்டி பெரும்பாலும் இடப்பக்கந்தான் இருக்கும். ஆகவே பக்கத்தில் அமர்கிற அம்மாவின் கால்தான் முதலில் நனையும். வெயில் நாளிலும் நனைகிறதே என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவே பாதி விடை. அடியிலிருந்து மெதுவாகக் காற்றடித்தோ, வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் இழையை விட்டோ அடைப்பை எடுக்கலாம். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் அலுமினியத் தகடுகள் மெல்லியவை. ஓட்டை விழுந்தால் பெருஞ்செலவு.

இன்னொன்றும் உண்டு. தரையில் உள்ள நீர் பிசுபிசுத்து, பச்சையோ சிவப்போ கலந்து, இனிப்பு வாடை வீசினால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு. பிள்ளைகளையும் பூனை நாயையும் விலக்கிவிட்டு, வண்டியை ஓட்டாமல் போமனைக் கூப்பிடுங்கள்.

சரி, மழைநீர்தான் என்று முடிவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வருகிறது? இங்கே சிங்கப்பூரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

என் சின்னம்மா மகன் ஃபேரர் பார்க் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கிறான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க 10 ஆண்டு உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு 1990இல் வந்தது. பத்தாண்டு முடிந்தால் வண்டியை விட்டுவிட வேண்டும், அல்லது அன்றைய விலையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இவன் கடன் வாங்கி 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தான். அதற்கப்புறந்தான் இந்த வினை. "அண்ணே, கால்மாட்டுல மீன் வளர்க்கலாம்" என்றான். பட்டறையில் முன்கண்ணாடியைச் சுற்றி இரண்டு முறை பசை பூசிக் காசு வாங்கிவிட்டார்கள். மூன்றாம் முறை, குளிர்ப்பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். கூரையுள்ள நிறுத்துமிடத்தில் விட்ட இரவுகளில் நனைந்ததா? இல்லை. ஏர்கோனைப் போட்டு வெயிலில் நெடுந்தூரம் ஓட்டியபோது நனைந்ததா? இல்லை. பிறகு எப்போது? "வெளியே, மரத்தடியில நிறுத்தினா."

அந்த மரத்தில்தான் சூட்சுமம். லீ குவான் இயூ 1963 ஜூன் 16ஆம் தேதி முதல் மரத்தை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பலனாக இன்று அந்த நகரத்துச் சாலைகள் பச்சைக் குடை பிடிக்கின்றன. அவற்றில் தூங்குமூஞ்சி மரங்கள் ஏராளம். நம் பக்கத்தில் மலாய்க்காரர்கள் ‘புக்குல் லீமா’ என்று சொல்கிற அதே அஞ்சு மணி மரந்தான். மாலையிலும் மழை வருமுன்னும் இலையை மடித்துக்கொள்ளும். அதன் சிற்றிலைகள் சின்னவை. எந்தச் சல்லடைக்கும் தப்பி உள்ளே நுழைந்துவிடும். ரம்புத்தான் இலையாக இருந்தால் மேலேயே நின்றுவிடும்!

முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில், வைப்பர் நிற்கிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணாடியில் வழிகிற மழையெல்லாம் அங்கேதான் சேர்ந்து, இரு ஓரத்துத் துளைகள் வழியாக இறங்கும். காருக்குள் காற்று இழுக்கும் வாயும் அதே பள்ளத்தில்தான் உண்டு. துளை அடைத்தால் பள்ளம் தொட்டியாகும். தொட்டி நிரம்பினால் அந்த வாய் வழியாகத் தண்ணீர் கால்மாட்டுக்கு வரும். வைப்பரைக் கழற்றி, மேலிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தோம். இரண்டு சிரட்டை அளவுக்குச் சிற்றிலை மக்கிக் கறுத்துக் காப்பித்தூள் போலக் கிடந்தது. கையால் அள்ளி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் சக்கரத்தின் அருகே குபுகுபுவென்று இறங்கிற்று. செலவு ஒன்றுமில்லை.

ஆனால் கால்விரிப்பைத் தூக்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அடியில் இருந்த பஞ்சு, தண்ணீர் குடித்த கம்பளிபோல் கனத்தது. அதன் கீழே தகடு துரு பிடித்து, திருப்புளியின் நுனி பட்டதும் உதிர்ந்தது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகள் அந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. மோதல் நேர்ந்தால் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டியது அந்த இருக்கைதான். பசை பூசிப் பூசிக் கழித்த மாதங்களில் அடித்தகடு கரைந்துகொண்டிருந்தது. பத்தாண்டு கடந்த காரை அங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் வேறு. தகடு வெட்டி ஒட்டியதற்கு அவன் கொடுத்த தொகையை இங்கே எழுதினால் அவன் மனைவி என்னோடு பேசமாட்டாள்.

கதவைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு சேதி. எல்லாக் கார்க் கதவுக்குள்ளும் மழைநீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக நீர் இறங்கி, கதவின் அடியிலுள்ள துளைகளால் வெளியேறும்படிதான் செய்திருக்கிறார்கள். அதை உள்ளே விடாமல் தடுப்பது, கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். ஒலிபெருக்கி மாட்டுகிறவரோ கண்ணாடி மோட்டாரைப் பழுது பார்ப்பவரோ அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் அட்டையை மூடிவிட்டால் அன்று முதல் தரை நனையும். அட்டையைத் திறந்து, பழைய பசையைச் சுத்தம் செய்து, கெட்டியான தாளைப் புதுப் பசைப்பட்டையால் சுற்றிலும் ஒட்டினால் தீர்ந்தது. அடித்துளைகளைக் கவனியுங்கள், நம் தோட்டத்துச் செம்மண் சேறு அவற்றைச் சிமெண்டுபோல் அடைக்கும். காரை அசைக்கும்போது கதவுக்குள் சலசலவென்று கேட்டால் அதுதான். ஒரு விளக்குமாற்றுக் குச்சி போதும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பரைப் பார்த்து, "நாம் வெட்டிய பால்" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நம் மரத்துப் பாலில் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. கதவு ரப்பர் பெரும்பாலும் எண்ணெய் மூலப்பொருளிலிருந்து செய்த செயற்கை ரப்பர். வெயிலைத் தாங்குவதற்காக அப்படி. அதில் மண்ணெண்ணெயோ கிரீசோ தடவாதீர்கள், ஊதிப்போய்விடும். சோப்பு நீரில் துடைத்துச் சிலிக்கோன் மசகு பூசினால் நெடுநாள் இருக்கும். ரப்பர் பிடிக்கிறதா என்று அறிய, ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது.

பின்பெட்டியில் நீர் நின்றால், உதிரிச் சக்கரத்தின் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின்விளக்கின் ரப்பர், மூடியின் ரப்பர், தகடுகள் சேருகிற ஓரம் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உள்ளே ஆளைப் படுக்கவைத்து மூடிப் பார்க்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பிள்ளைகளை அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். பின்னிருக்கையை மடக்கி, அங்கிருந்து கைவிளக்கு அடித்துப் பார்த்தாலே தெரியும். கூரையில் திறக்கும் கண்ணாடி உள்ள காரானால் அதன் மூலைகளிலும் வடிகுழாய் உண்டு; அங்கேயும் இதே குப்பை சேரும்.

சோதனை போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நன்றாகத் துடைத்து, விரிப்புக்கு அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். சிங்கப்பூரில் 1935 முதல் வரும் தமிழ் முரசானாலும் சரி. முதலில் எந்தத் தாள் நனைகிறது என்பதுதான் சாட்சி. சந்தேகப்படும் ஓரங்களில் முகப்பவுடர் தூவினால் நீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். பிறகு பூவாளியால் நீர் ஊற்றுங்கள், கீழேயிருந்து மேலே. முதலில் கதவடி, அப்புறம் கதவோரம், கண்ணாடியோரம், கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஓரிடத்துக்கு ஐந்து பத்து நிமிடம் பொறுமை வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு உட்காரட்டும். வேகமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், நல்ல ரப்பரையும் அது தாண்டும். நீரும் வீணாகும், சிங்கப்பூர் நம் ஜொகூர் ஆற்று நீரை 1962 ஒப்பந்தப்படி 2061 வரைக்கும் வாங்குகிற ஊர், அங்கே வீணடித்தால் முறைத்துப் பார்ப்பார்கள்.

ஓட்டையை அடைத்ததோடு வேலை முடியவில்லை. பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் பூசணம் வளரும். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாத் தொல்லை கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. கண்ணாடியை ஏற்றி மூடிய கார் வீட்டைவிடச் சின்ன அறை. ஆகவே விரிப்பைத் தூக்கி நிறுத்தி, வெயிலும் காற்றும் பட வையுங்கள். இருக்கையைக் கழற்ற வேண்டியிருந்தால் அடியிலுள்ள மஞ்சள் நிறச் செருகியைத் தொடாதீர்கள், அது காற்றுப்பைக்குப் போவது; பட்டறைக்காரரிடம் விடுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை நினைவிருக்கும். சிங்கப்பூரிலும் 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையே நீரில் நின்றது. வெள்ளம் கண்ட காரைத் துடைத்து, வாசனைத் தைலம் தெளித்து விற்கப் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு. வாசனை தூக்கலாக இருந்தாலே மூக்கைச் சுளியுங்கள். உதிரிச் சக்கரத்தைத் தூக்கிக் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையின் அடி போல்ட்டில் துருவைத் தேடுங்கள், முன்விளக்கினுள் நீர்க்கோடு தெரிகிறதா என்றும் கவனியுங்கள். கடைசியாக, இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுங்கள். விற்கிறவர் கை எட்டாத அந்தக் கடைசி முழத்தில் மண்கறை ஒரு கோடாக நின்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.