அக்னிபுத்ரா எங்கே சார் போச்சு?

பொழிச்சலூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டு டி.வி.யில் என்ன படம் ஓடினாலும் சரி, நடுநடுவே மீனம்பாக்கத்து விமானம் ஒன்று மொட்டை மாடியை உரசுகிற மாதிரி போகும். அந்த அரை நிமிஷம் ஒரு வசனமும் காதில் விழாது. நல்ல படமாக இருந்தால் பல்லைக் கடிப்போம். சுமாரான படமாக இருந்தால், 'அடுத்த ஃபிளைட் எப்போ?' என்று காத்திருப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே படத்தில் இரண்டும் நடந்தது. முதல் பாதியில் பல்லைக் கடித்தேன். இரண்டாம் பாதியில் ஃபிளைட்டுக்காக ஏங்கினேன்!

படம், 1986-ல் வந்த 'விக்ரம்'. லோகேஷ் கனகராஜ் எடுத்த 2022 'விக்ரம்' இல்லை, அதற்குத் தாத்தா. ராஜசேகர் டைரக்ஷன். கமல் சொந்தமாகத் தயாரித்தது. என் அப்பாதான் பிடித்து உட்கார வைத்தார்.

"புதுசை நாலு தரம் பார்த்தியே... ஒரிஜினலை ஒரு தரம் பாருடா. அந்தக் காலத்திலேயே ஜேம்ஸ்பாண்டுக்கு சவால் விட்ட படம்!"

அடியேன் பி.காம். எதையும் வரவு, பற்று என்று கோடு போட்டு எழுதினால்தான் புத்தியில் ஏறும். எழுதினேன்.

முதலில் வரவு. கதை, சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியராக இருந்தவர். ஆபீஸ்களில் டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்த காலத்தில் கம்ப்யூட்டரையும் ஏவுகணையையும் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். படத்தில் வில்லன் கடத்தும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. நிஜ 'அக்னி' ஏவுகணையை சண்டிப்பூரிலிருந்து முதன்முதலாக ஏவியது 1989 மே 22-ல்தான். மூன்று வருஷம் முந்திக்கொண்டார் மனுஷன்!

உளவாளிப் படம் நமக்குப் புதிதில்லை. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கர் ஏற்கெனவே 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டம் வாங்கியிருந்தார். ஆனால், கதாநாயகிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அவள் இல்லாமல் ஹீரோவால் வேலையை முடிக்க முடியாது என்பது புதுசு. லிஸிக்கு அந்த வேஷம்.

அப்புறம், இளையராஜாவின் டைட்டில் பாட்டு. கமலே பாடியது. முப்பத்தாறு வருஷம் கழித்து வந்த படத்துக்கும் அதே மெட்டு தேவைப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வில்லன் சுகிர்தராஜாவாக சத்யராஜ். அவர் நக்கலாகப் பேசினாலே நமக்குள் ஒரு கிலி. ஹீரோவைக் குறிவைத்த ஆட்களால் அவர் மனைவி அம்பிகா உயிரை விடும்போது, 'இவன் சும்மா விடமாட்டான்' என்று நாமும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம்.

இதுவரை லாபம். இனி பற்று. அதில் ஒரே ஒரு வரிதான்: சலாமியா.

ஏவுகணையைத் தேடி ஹீரோ போகிற கற்பனை நாடு அது. ராஜஸ்தான் பாலைவனத்தில் எடுத்தார்கள். ராஜா, 'ஷோலே' அம்ஜத்கான். இளவரசி, 'பாபி' டிம்பிள். மொழிபெயர்க்க ஜனகராஜ். எலிக்குக் கோயில். இளவரசிக்குக் காதல். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் அக்னிபுத்ரா எங்கே சார் போச்சு? பக்கத்து வீட்டில் தீ என்று வாளியோடு ஓடியவர், போகிற வழியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்ட கதையாக இருக்கிறது.

அந்த ஏவுகணை பல்லாவரம் ஸ்டேஷன் மேல் விழும் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தினமும் எட்டே காலுக்கு அங்கேதானே நிற்கிறேன்! சலாமியாவில் யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன? ஆபத்து நம் ஊரில் இருக்கிறவரைக்கும்தான் உளவாளிப் படத்துக்கு உயிர். எதிர்பார்த்த அளவுக்குப் படம் ஓடாததற்கு என் கணக்கில் இதுதான் காரணம்.

இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தால், மனுஷர் மெதுவாகச் சிரித்தார்.

"அன்னிக்கு எனக்கும் அப்படித்தாண்டா இருந்தது."

"என்னது! இத்தனை வருஷமா ஆஹா ஓஹோன்னீங்களே?"

"அப்போ பம்மல்ல ஒரு தோல் கம்பெனியில வேலை. இந்தக் கதை குமுதத்துல தொடரா வந்துச்சு. சலூன்ல உட்கார்ந்து வாராவாரம் படிப்பேன். படிச்சுட்டு கம்பெனியில போய்ச் சொல்வேன், எல்லாரும் வாயைப் பொளந்து கேப்பானுங்க. படம் வந்ததும் என் ஓ.டி. காசுல ஆறு பேரைக் கூட்டிட்டுப் போனேன். இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஆறு பேரும் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தானுங்க. 'எப்படி, சூப்பர் இல்ல?'ன்னு கேட்டுட்டேன். அன்னிலேர்ந்து மாத்திச் சொல்ல முடியல."

சமையல்கட்டிலிருந்து அம்மா குரல்: "என்கிட்டகூட சொல்லலையே!"

சிரித்தேனே தவிர, உள்ளே ஒன்று குத்தியது. நாம் மட்டும் என்னவாம்? ஏமாந்து வாங்கிய செகண்ட்ஹாண்ட் பைக்கை 'ராசியான வண்டி' என்கிறோம். பிடிக்காத வேலையை 'நல்ல கம்பெனி சார்' என்கிறோம். போட்ட காசைவிட, ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதுதான் அதிகச் செலவு.

ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, என் கணக்கிலேயே ஒரு பிழை தட்டியது. பி.காமில் 'டெஃபர்டு ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர்' என்று ஒரு சமாசாரம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? செலவு இந்த வருஷம், பலன் பல வருஷம். அதை ஒரே வருஷத்து நஷ்டத்தில் தள்ளக்கூடாது. பங்கு போட்டு எழுதணும்.

1986-ல் செய்த செலவின் பலன் 2022-ல் வந்தது. லோகேஷ் பழைய படத்திலிருந்து ஏஜெண்டின் பெயரை எடுத்தார், மெட்டையும் எடுத்தார். சலாமியாவை எடுக்கவில்லை! கதையைச் சென்னையிலேயே வைத்தார். ஏவுகணைக்குப் பதிலாக ஒரு கைக்குழந்தை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தியேட்டரே பதறியது. முதல் படம் தடுக்கி விழுந்த இடம் எது என்று தெரிந்ததால்தானே அடுத்தவர் தாண்டிப் போக முடிந்தது?

காலையில் காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். "உங்க ஓ.டி. காசு வீணாகலைப்பா. முப்பத்தாறு வருஷத்துக்குப் பங்கு போட்டு எழுதியாச்சு. கணக்கு நேர்."

அப்பா முகத்தில் ஒரு திருப்தி. உடனே ஒரு சந்தேகம்.

"அதெல்லாம் சரிடா. அந்த ஆறு பேர்ல ரெண்டு பேரை இன்னும் மார்க்கெட்ல பார்க்கறேன். கேட்டா இப்போ என்ன சொல்றது? நல்ல படமா, அறுவையா?"

பளிச்சென்று பதில் சொன்னேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து தலைக்கு மேல் ஒரு ஃபிளைட்!