பொட்டலத்தில் என்ன மாத்திரை?

பள்ளிபாளையத்தில் இரவெல்லாம் விசைத்தறி ஓட்டியவருக்கு விடிந்ததும் இடுப்பு வலி. நாமக்கல் லாரி டிரைவருக்குக் கழுத்து வலி. ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போன பெண்ணுக்கு முழங்கால் வலி.

மூவரும் போகும் இடம் மருந்துக் கடை. மூவரும் கேட்பதும் ஒன்றே:

"வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணா!"

கடைக்காரர் நாலு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரிக்கிறார். காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். ஒரு மணி நேரத்தில் வலி பறந்து விடுகிறது. டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மாத்திரை போட்டால் அன்றைக்கே வேலைக்குப் போகலாம். ஆகவே ஏழை எளியவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கவருக்குள் இருப்பது என்ன?

சர்க்கார் போட்ட தடை

2025 டிசம்பர் 29-ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 'நிமெசுலைடு' என்னும் வலி மருந்தில், சாப்பிட்டதும் உடனே வேலை செய்யும் வகையை 100 மில்லி கிராமுக்கு மேற்பட்ட அளவில் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பதே அந்த உத்தரவு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த மருந்து கூடாது என்று 2011-லேயே தடை வந்துவிட்டது.

காரணம்? இது கல்லீரலைக் கெடுக்கக்கூடும். இதைவிட ஆபத்துக் குறைந்த மருந்துகளும் இருக்கின்றன.

நிமெசுலைடு, டைக்ளோபினாக் போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் 'செட்' கேட்பவர் கையில் சீட்டு ஏது?

ஒரே மருந்து, பல பெயர்

"நான் வெறும் பாராசிட்டமால்தான் சாப்பிடுகிறேன். அது சாதுவான மருந்துதானே?" என்று சிலர் கேட்கலாம்.

உண்மைதான். அளவோடு சாப்பிட்டால் அது நல்ல மருந்து. வளர்ந்தவர்கள் ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லி கிராம் சாப்பிடலாம். அடுத்த மாத்திரைக்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4,000 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும், தினமும் மது குடிப்பவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். அவர்கள் டாக்டரைக் கேட்பதே நல்லது.

ஆபத்து எங்கே வருகிறது? குரோசின், கால்பால், டோலோ எல்லாம் பாராசிட்டமால்தான். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது இருக்கிறது. உடம்பு வலி மாத்திரைகள் பலவற்றிலும் கலந்திருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் காய்ச்சலுக்கு 650 மாத்திரை நாலு போடுகிறார்: 2,600. உடம்பு வலிக்கு 325 கலந்த மாத்திரை மூன்று: 975. சளிக்கு 500 கலந்தது இரண்டு: 1,000. மொத்தம் 4,575!

மூன்று நோவுக்கு மூன்று மருந்து சாப்பிட்டதாக அவர் நினைக்கிறார். கல்லீரலுக்கோ எல்லாம் ஒரே மருந்து!

இந்த மருந்தில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் விஷமாக மாறுகிறது. அதை முறிக்கும் சரக்கு கல்லீரலில் இருக்கிறது. மருந்து அளவு மீறினால் அந்தச் சரக்கு தீர்ந்து போகும். பிறகு விஷம் கல்லீரலையே தின்னத் தொடங்கும்.

முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடலாம். மஞ்சள் காமாலை தெரியும்போது காலம் கடந்திருக்கும். மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அளவு மீறியது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும், 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரிட்டனில் 1998-ல் ஒரு சட்டம் வந்தது. சாதாரணக் கடையில் ஒரு பெட்டியில் 16 மாத்திரைக்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள். அதன் பிறகு இம்மருந்தால் நேர்ந்த சாவுகள் குறைந்தன.

வெயிலும் வலி மாத்திரையும்

ஐபுபுரூபன், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் ஆகியவை வேறு வகை. இவை வெறும் வயிற்றில் புண் உண்டாக்கும். வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது சாப்பிட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

சேலத்து வெயிலில் தறிக் கொட்டகையில் நிற்பவரும், தண்ணீர் குடிக்காமல் லாரி ஓட்டுபவரும் இதை மறக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் இவை கூடவே கூடாது. ரத்தக் கசிவு வரும்.

குழந்தை மருந்தில் கவனம்

குழந்தைக்கு வயதைவிட எடைதான் கணக்கு. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கிராம் வரை ஒரு வேளைக்கு. 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150.

சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லி கிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 தான். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 போய்விடும்! வீட்டுக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியாலோ குழலாலோ அளந்து கொடுங்கள்.

என்ன செய்யலாம்?

மாத்திரைப் பெயர் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்காகக் கவலை வேண்டாம். கவரின் மேல் பெயரையும் அளவையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் தெரியும்படி அட்டையோடு கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 500, 650 என்ற எண்ணை யாரும் படிக்கலாம், கூட்டிப் பார்க்கலாம்.

மூன்று நாள் சாப்பிட்டும் வலியோ காய்ச்சலோ தீராவிட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். ஈரலும் சிறுநீரகமும் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

அடுத்த முறை கடைக்குப் போனால் காசை நீட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்:

"இதுல என்ன மாத்திரை இருக்குதுங்கண்ணா?"